எந்தப் படகு விரைவு? சிறு பாய்ப்படகுப் பந்தயமும் தூத்துக்குடிக் கடலும்

ஒரே அச்சில் வார்த்த இரண்டு பாய்ப்படகுகள் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே மிதவையைச் சுற்றி வந்தால், முதலில் எல்லையைத் தொட்டது வென்றது. அதில் வழக்கில்லை. ஒன்று எட்டடிக்கும் குறைவான நீளத்தில் ஒரு சிறுமி தனியே ஓட்டுவதாகவும், மற்றொன்று பதினாறடி நீளத்தில் இருவர் சேர்ந்து ஓட்டுவதாகவும் இருந்தால்தான் சிக்கல். பெரியது முன்னே வருவது இயல்பு. ஆனால் அதை ஓட்டியவர் சிறுமியைவிட நன்றாக ஓட்டினாரா? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் 'டிங்கி' எனப்படும் சிறு பாய்ப்படகுகளின் உலகம் பல முறைகளை வகுத்திருக்கிறது. அவற்றைத் தொகுத்துப் பார்ப்பதும், பாயை நம்பி நூற்றாண்டுகள் வாழ்ந்த தூத்துக்குடிக் கடலுக்கு அவற்றில் எது பொருந்தும் என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

பாயை நம்பிய கரை

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு இரு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட அமைதியான மாதங்களில் நடந்தது. காரணம் கடலின் தெளிவு மட்டுமன்று. அந்த மாதங்களில் காற்று கடிகாரம்போல் மாறும். பின்னிரவில் கரைக்காற்று கடலை நோக்கி வீசும். படகுகள் அதைப் பிடித்துக்கொண்டு தோளாயிரம் பார் போன்ற முத்துப் பார்களுக்குப் போகும். வெயில் ஏறி நிலம் சூடானதும் கடல்காற்று எழும். அதே படகுகள் அதைப் பிடித்துக்கொண்டு கரை திரும்பும். காற்று ஏமாற்றிய நாளில் துடுப்புதான் கதி. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்த குளிப்புகளோடு இந்தக் கரையில் அந்தத் தொழில் முடிவுக்கு வந்தது.

முத்தைவிட நீண்ட காலம் பாய்க்கு வேலை கொடுத்தது தோணி. தூத்துக்குடியை ஒட்டிய கடல் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளியே நங்கூரமிடும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கைச் சுமந்தவை தோணிகள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் அவை பாய் விரித்து ஓடின. 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட பின் இந்த உலகம் சுருங்கத் தொடங்கியது. ஜோ டி குருஸின் 'கொற்கை' நாவல் இந்தத் தோணிக்காரர்களின் கதைதான். 2013இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மீன்பிடி வல்லங்களும் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இயந்திரத்துக்கு மாறின. இன்று பாய் என்பது பெரும்பாலான வல்லங்களில் நினைவு மட்டுமே.

வடக்கே பாக் நீரிணைக் கரையில் நிலைமை சற்று வேறு. தொண்டியைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களில் கோயில் திருவிழாவை ஒட்டியும் பொங்கலை ஒட்டியும் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. அந்தப் போட்டியில் கூர்ந்து பார்க்க வேண்டியது ஒரு பலகையை. படகின் குறுக்கே கிடக்கும் நீண்ட பலகை காற்று வரும் பக்கமாக வெளியே நீண்டிருக்கும். காற்று பலத்துப் பாய் சாயத் தொடங்கியதும் ஆட்கள் ஒவ்வொருவராகப் பலகையின் மேல் வெளியே நகர்வார்கள். காற்று தணிந்தால் உள்ளே வருவார்கள். சொல் தேவையில்லை, படகு சாயும் சாய்விலேயே யார் எவ்வளவு நகர வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில் இந்தச் சமன்பலகையை விவரித்திருக்கிறார். இங்கிலாந்தில் பீட்டர் ஸ்காட்டும் ஜான் வின்டரும், பாய்மரத்திலிருந்து தொங்கும் கம்பியில் ஒருவர் உடலை மாட்டிக்கொண்டு படகுக்கு வெளியே நிற்கும் 'டிராப்பீஸ்' உத்தியால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோப்பையை வென்றது 1938இல். அது நியாயமற்ற சாதகம் என்று அவர்கள் ஓட்டிய வகைப் படகுகளில் உடனே தடையும் வந்தது. பின்னாளில் தடை நீங்கி, இன்றைய ஒலிம்பிக் படகுகள் பலவற்றில் அது அடிப்படைக் கருவியாகிவிட்டது. சாயும் பாய்க்கு எதிராக மனித எடையை முடிந்தவரை வெளியே கொண்டுபோவது என்ற அந்தத் தத்துவம் நம் கரையில் அதற்கு முன்பே வேலை செய்துகொண்டிருந்தது.

வேகம் எங்கிருந்து வருகிறது

படகுகளை ஒப்பிடுவதற்கு முன், வேகத்தை எவை கட்டுப்படுத்துகின்றன என்று பார்த்துவிட வேண்டும்.

முதலாவது நீளம். நீரைக் கிழித்துச் செல்லும் படகு தன்னைச் சுற்றி அலை எழுப்புகிறது. அந்த அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டியதும், படகு தான் எழுப்பிய பள்ளத்திலேயே சிக்கிக்கொள்கிறது. நீர்க்கோட்டு நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்கினால் அந்த எல்லை வேகம் ஏறத்தாழ நாட் அளவில் கிடைக்கும். 4 மீட்டர் படகுக்கு அது 5 நாட்டுக்குச் சற்றுக் குறைவு, அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர். 16 மீட்டர் தோணிக்கு 10 நாட்டுக்குச் சற்றுக் குறைவு. நீளம் நான்கு மடங்கானால் வேக எல்லை இரண்டு மடங்காகும். சரக்கேற்றிய தோணி இந்த எல்லையைத் தாண்டாது. எடை குறைந்த டிங்கியோ பலத்த காற்றில் தன் அலையின் மேலேயே ஏறி, நீர்ப்பரப்பின் மேல் வழுக்கி ஓடத் தொடங்கும். சிறு படகுப் பந்தயத்தின் விறுவிறுப்பெல்லாம் இந்த வழுக்கலில்தான் இருக்கிறது.

இரண்டாவது பாயின் பரப்பு. இதை விளக்க ஐ.எல்.சி.ஏ. என்று இன்று பெயர் பெற்ற லேசர் படகைவிட நல்ல சான்று இல்லை. கனடாவின் புரூஸ் கர்பி வரைந்து 1970களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த இந்த 4.2 மீட்டர் படகுக்கு, ஒரே உடலின் மேல் மூன்று அளவுப் பாய்கள் உண்டு: 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர். சின்னப் பாயைவிட (ஐ.எல்.சி.ஏ. 4) பெரிய பாய் (ஐ.எல்.சி.ஏ. 7) ஒன்றரை மடங்கு. ஆனால் பந்தயக் கணக்கில் பெரிய பாய்ப் படகு விரைவாக இருப்பது ஏறத்தாழ 10 சதவீதம் மட்டுமே. பாயை எவ்வளவு பெரிதாக்கினாலும் உடலின் நீளம் விதிக்கும் எல்லை முன்னே நிற்கிறது. அதைத் தாண்டிக் காற்று பலத்தாலும், பாயின் சாய்வைத் தாங்க ஆளின் எடை போதாது.

மூன்றாவது அந்த ஆள். பதினைந்து நாட் காற்றில் எதிர்க்காற்று ஓட்டம் ஓடும் ஐ.எல்.சி.ஏ. படகைப் பாருங்கள். ஓட்டுபவர் படகின் நடுவில் கிடக்கும் வார்ப்பட்டைக்கு அடியில் கால்விரல்களைக் கோத்து, தொடையின் பின்புறத்தைப் படகின் விளிம்பில் வைத்து, இடுப்புக்கு மேலே முழு உடலையும் கடலின் மேல் மல்லாத்தியிருப்பார். ஒரு கையில் சுக்கானின் நீட்டுக்கோல், மறு கையில் பாய்க்கயிறு. காற்று ஓங்கும்போது கயிற்றைச் சாண் அளவு விட்டு, அதே கணத்தில் உடலை மேலும் வெளியே எறிவார், ஓய்ந்ததும் இழுப்பார். ஒரு சுற்றுக்குள் இப்படி நூற்றுக்கணக்கான முறை. அவருடைய எடை ஐம்பத்தைந்து கிலோ என்றால், எண்பது கிலோ ஆளோடு பெரிய பாயில் பலத்த காற்றில் ஈடுகொடுப்பது கடினம். மெல்லிய காற்றில் கணக்கு தலைகீழாகிவிடும்.

நான்காவது, காற்றுக்கு எதிரே எவ்வளவு நெருங்கிப் போக முடியும் என்பது. எந்தப் பாய்ப்படகும் காற்றுக்கு நேர் எதிரே ஓடாது; இருபுறமும் சாய்ந்து சாய்ந்து வளைந்துதான் ஏற வேண்டும். நவீன டிங்கி காற்றுக்கு ஏறத்தாழ 45 பாகை வரை நெருங்கும். அப்படி ஏறும்போது ஒரு மைல் தொலைவுக்கு அது ஓடுவது 1.4 மைல். 60 பாகைதான் நெருங்க முடியும் என்ற படகு அதே தொலைவுக்கு 2 மைல் ஓட வேண்டும். பாய்மரத்தின் குறுக்கே கட்டும் கம்பமான பருமலில் தொங்கும் முக்கோணப் பாய் பக்கக்காற்றிலும் பின்காற்றிலும் அருமையாக இழுக்கும். எதிர்க்காற்றில் திசை மாற்றும் ஒவ்வொரு முறையும் பருமலைப் பாய்மரத்தின் மறுபுறம் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் பாய் மரத்தோடு ஒட்டிக்கொண்டு இழுவையை இழக்கும். கரைக்காற்றில் போய்க் கடல்காற்றில் திரும்பிய ஒரு கடற்கரைக்கு அது குறையாகவே தெரிந்திருக்காது. வேகம் என்பது கடலோடும் தொழிலோடும் பிணைந்தது என்பதற்கு இதுவே சான்று.

ஒப்பிடும் வழிகள்

இத்தனை காரணிகளையும் வைத்துக்கொண்டு நியாயமாகப் பந்தயம் நடத்த உலகம் கண்ட வழிகள் மூன்று.

முதல் வழி, எல்லாருக்கும் ஒரே படகு. தென்மாவட்ட மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தொலைவு வைத்து ஓட்டுவதை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அமெரிக்காவின் கிளார்க் மில்ஸ் 1947இல் சிறுவர்களுக்காக வடிவமைத்த ஆப்டிமிஸ்ட், ஐ.எல்.சி.ஏ., 420, 49இஆர் எல்லாம் இப்படிப்பட்ட வகுப்புகள். படகுகள் ஒன்றுபோல் இருப்பதால் வெற்றி ஓட்டுபவருடையது. ஆனால் எந்தப் படகை வகுப்பாகத் தேர்ந்தெடுப்பது என்பதே பெரிய கேள்வி. ஒலிம்பிக்கின் ஒற்றையாள் படகை மறுபரிசீலனை செய்ய 2019இல் ஸ்பெயினின் வலென்சியாவில் கடல் சோதனை நடந்தது. சோதித்த குழு புதிய வடிவமான ஆர்.எஸ். ஏரோவை உயர்வாக மதிப்பிட்டது. ஆனாலும் பழைய லேசரே நீடித்தது. எங்கும் கிடைப்பது, எல்லா நாட்டிலும் ஓட்டுபவர்கள் இருப்பது ஆகியவையும் ஒரு படகின் தகுதிதான்.

இரண்டாம் வழி, படகை அளப்பது. நீளம், எடை, பாய்ப் பரப்பு ஆகியவற்றைச் சூத்திரத்தில் போட்டு, படகு எவ்வளவு விரைவாகப் போக வேண்டும் என்று முன்கூட்டியே கணிப்பது. இரட்டை உடல் படகுகளுக்கு இது இன்றும் வழக்கில் உள்ளது. புதிய படகு ஒரு பந்தயம்கூட ஓடாமலே அதற்கு மதிப்பு கொடுத்துவிடலாம் என்பது இதன் வசதி. சூத்திரத்துக்குத் தெரியாத சாதகங்களைத் தேடிப் படகு கட்டுபவர்கள் வந்துவிடுவார்கள் என்பது இதன் பலவீனம்.

மூன்றாம் வழி, முடிவுகளைப் பார்ப்பது. ஜில்வுட் மில்லெட்ஜ் என்பவர் இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் உருவாக்கிய போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக் முறை இது. மன்றங்கள் அனுப்பும் பந்தய நேரங்களைத் தொகுத்து, ஒவ்வொரு வகைப் படகுக்கும் ஒரு எண்ணை ராயல் யாட்டிங் அசோசியேஷன் வெளியிடுகிறது. எண் குறைந்தால் படகு விரைவு. 49இஆருக்கு ஏறத்தாழ 700, ஐ.எல்.சி.ஏ. 7க்கு 1100, ஆப்டிமிஸ்டுக்கு 1640. ஓடிய நேரத்தை 1000ஆல் பெருக்கி, அந்த எண்ணால் வகுத்தால் திருத்திய நேரம் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஐ.எல்.சி.ஏ. 7 ஒரு சுற்றை 56 நிமிடத்தில், அதாவது 3360 வினாடியில் முடிக்கிறது. ஆப்டிமிஸ்ட் 82 நிமிடம், 4920 வினாடி. திருத்திய நேரம் முதலாவதற்கு ஏறத்தாழ 3055 வினாடி, இரண்டாவதற்கு 3000. இருபத்தாறு நிமிடம் பிந்தி வந்த சிறுமிதான் ஐம்பத்தைந்து வினாடியில் வென்றவர்.

கரையில் நிற்பவர்களுக்கு இந்தக் கணக்கு சுவைக்காது. அதற்கும் வழி உண்டு. மெதுவான படகை முதலில் அனுப்பி, விரைவான படகை எண்ணின்படி தாமதித்து அனுப்பலாம். ஆப்டிமிஸ்டுக்கு 90 நிமிடம் என்றால் ஐ.எல்.சி.ஏ. 7 ஏறத்தாழ 30 நிமிடம் பிந்திக் கிளம்பும். முடிவில் முன்னே நிற்பவர் வென்றவர். ஊர்த் திருவிழாவில் நடத்த இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

எண் தடுமாறும் இடங்கள்

இந்த எண்கள் பெரும்பாலும் பிரிட்டனின் ஏரிகளிலும் கழிமுகங்களிலும், அங்குள்ள காற்றில், அங்குள்ள ஆட்களின் எடையில் விளைந்தவை. அவற்றை அப்படியே எடுத்து மன்னார் வளைகுடாவில் வைத்தால் மூன்று இடங்களில் இடறும்.

ஒன்று, காற்றின் பலம். வழுக்கி ஓடும் படகுக்கும் ஓடாத படகுக்கும் இடையிலான விகிதம் மெல்லிய காற்றில் ஒன்று, பலத்த காற்றில் வேறொன்று. இதனால்தான் அமெரிக்காவில் காற்றின் பலத்துக்கு ஏற்ப வெவ்வேறு எண்கள் வைத்திருக்கிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தூத்துக்குடியில் வீசும் கச்சான் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளி வழியே வறண்டு, பலத்து வரும். உப்பளங்களுக்கு அது வரம். கரைப்பக்கமிருந்து வீசுவதால் கரையோர நீரில் அலை குறைவு. பலத்த காற்றும் தட்டையான நீரும் சேர்ந்தால் விரைவுப் படகுகள் எண்ணைவிட விரைவாக ஓடும்.

இரண்டு, காற்று மாறும் நேரம். கடல்காற்று முற்பகலில் மெல்ல எழுந்து பிற்பகலில் பலப்படும். பந்தயம் அந்த ஏறுமுகத்தில் நடந்தால் விரைவுப் படகு மெல்லிய காற்றிலேயே முடித்துவிடும். மெதுவான படகின் பிற்பாதிக்கு நல்ல காற்று கிடைக்கும். சாயங்காலம் காற்று இறங்கும்போது நடந்தால் மெதுவான படகு நடுக்கடலில் தவிக்கும். இதை எந்த எண்ணும் திருத்தாது. பந்தயம் கிளம்பும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பவரின் அறிவுதான் திருத்தும்.

மூன்று, ஆள். நம் இளைஞர்களில் பலருக்குப் பெரிய பாய் எடைக்கு மிஞ்சியது. அவர்கள் நடுத்தரப் பாயில் ஓடினால் அதே காற்றில் எண் சொல்வதைவிட நன்றாக ஓடக்கூடும். மன்றங்கள் தங்கள் நீர்நிலைக்கேற்ப எண்களைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று அந்த முறையை நடத்துபவர்களே சொல்கிறார்கள். திருத்தாமல் பின்பற்றுவதுதான் பிழை.

தமிழகத்தின் டிங்கிகள்

தமிழகத்தில் டிங்கிப் பந்தயம் வளர்ந்தது சென்னைத் துறைமுகத்துக்குள். சென்னைத் துறைமுகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இலிருந்து இயங்கி வருகிறது. பெரிய கப்பல்கள் வந்துபோகும் துறைமுகத்தின் ஓரத்தில் சிறு பாய்ப்படகுகளுக்கும் இடம் இருக்க முடியும் என்பதற்கு அது நூறாண்டுச் சான்று.

விளைவும் கண்முன்னே இருக்கிறது. சென்னையின் நேத்ரா குமணன் 2020 ஜனவரியில் மயாமியில் உலகக் கோப்பை வெண்கலம் வென்றார்; ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார்; டோக்கியோவிலும் பாரிஸிலும் ஓடினார். சென்னையின் வருண் தக்கர், கே.சி. கணபதி இணை 49இஆர் படகில் டோக்கியோ சென்றது. ராணுவ வீரரான வேலூர் விஷ்ணு சரவணன் 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஐ.எல்.சி.ஏ. 7 வெண்கலம் வென்றார். அதே போட்டியில் ஐ.எல்.சி.ஏ. 4 வெள்ளி வென்ற நேகா தாக்கூர் பயின்றது போபால் ஏரியில். கடலே இல்லாத ஊர்களிலிருந்து இவ்வளவு வர முடியுமென்றால், காற்றையும் நீரோட்டத்தையும் பிறந்தது முதல் அறிந்த பிள்ளைகள் வாழும் கரையிலிருந்து எவ்வளவு வரலாம்!

தூத்துக்குடி செய்யக்கூடியது

இந்த ஆய்வில் நான் வந்து சேரும் முடிவு இது: தூத்துக்குடிக்கு முதல் தேவை இறக்குமதிப் படகு அல்ல, தன் படகுகளைத் தன் காற்றில் அளந்து பெறும் எண்.

வழி எளிது. ஒரு ஐ.எல்.சி.ஏ. 7ஐ அளவுகோலாக வைத்து, பாய் கட்டிய வல்லத்தையும் பாக் நீரிணைப் பாய்ப்படகையும் அதே சுற்றில் ஓட விட வேண்டும். அளவுகோல் படகு 60 நிமிடமும் வல்லம் 75 நிமிடமும் எடுத்தால், 1100ஐ 75ஆல் பெருக்கி 60ஆல் வகுக்க, வல்லத்தின் எண் 1375. கச்சான் காலத்துக்கு ஒன்று, தை முதல் பங்குனி வரையிலான அமைதிக் காலத்துக்கு ஒன்று என இரண்டு எண்கள் வேண்டும். சுற்றில் எதிர்க்காற்றுப் பகுதி எவ்வளவு, பக்கக்காற்றுப் பகுதி எவ்வளவு என்பதையும் ஒவ்வொரு முறையும் குறித்து வைக்க வேண்டும். பருமல் பாய்க்கு அது வாழ்வா சாவா என்ற வேறுபாடு. செலவு, ஒரு நல்ல கடிகாரமும் காற்றுமானியும் கைப்பேசியின் இடங்காட்டியும்தான்.

கட்டுப்பாடுகளையும் மறக்கக் கூடாது. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களுக்கு உட்பட்ட நீரில் துறைமுக அனுமதியின்றி எதுவும் நடக்காது. வான் தீவு, காசுவார் தீவு உள்ளிட்ட 21 தீவுகள் 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. பவளப்பாறை மேல் நங்கூரமோ மிதவைக் கல்லோ விழக் கூடாது. மிதவைச் சட்டையும் காவல் படகும் இல்லாமல் பிள்ளைகளைக் கடலில் இறக்கக் கூடாது. கச்சான் காற்று கரையிலிருந்து வெளியே தள்ளும் காற்று. கவிழ்ந்த படகு ஆழ்கடலை நோக்கித்தான் போகும்.

இவற்றுக்கு உட்பட்டு, மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆப்டிமிஸ்டும், பெரியவர்களுக்கு வல்லமும், ஊர்த் திருவிழாவில் முன்பின் கிளம்பும் பந்தயமும் என்று தொடங்கலாம். பாய் பிடித்துக் கடலோடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நடுவர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் அவர்களை உட்கார வைத்து, அவர்கள் சொல்வதை எண்களோடு சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். முதல் பந்தயத்தில் கிடைக்கும் எண் பிழையாகத்தான் இருக்கும். இருபதாவது பந்தயத்தில் அது நம்பத் தகுந்ததாகிவிடும். போர்ட்ஸ்மவுத் எண்களும் இப்படித்தான், ஒவ்வொரு மன்றத்தின் ஒவ்வொரு வார முடிவையும் எழுதி வைத்த பொறுமையில் உருவாயின. அந்தப் பொறுமை நமக்கும் கைவந்தால், வல்லத்தின் பாய் அருங்காட்சியகத்துக்குப் போகாமல் பந்தயக் களத்துக்குப் போகும்.